அறுபத்து மூன்றாவது ஓட்டை

சாமளாபுரம் குமாரசாமியின் வீட்டில் நான்கு மாதமாக யாரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. உள்ளே நுழைந்த மறு நிமிடமே கன்னையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அன்று முழுக்க அவன் கண்டுபிடித்த ஒரே விஷயமும் அதுதான்.

எட்டுப் பேர் தாராளமாக உட்காரும் தேக்கு மேஜை நடு ஹாலில் கிடந்தது. அதன்மேல் பச்சை வெல்வெட் துணி விரித்து, துணிமேல் மூன்று பலகைகள் வைத்திருந்தார்கள். பலகை நிறைய ஓட்டைகள், ஓட்டை நிறையக் காசுகள். சாமி சிலைக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி மேஜைக்குப் பக்கத்தில் குமாரசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஞானாம்பாள் சமையல்கட்டு மேடையோரம் நின்றபடியே, இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு, காலையில் மிச்சமான இட்லியைத் தின்றுகொண்டிருந்தாள்.

“ஏனுங்க மேடம், இந்த ஊட்டுல நாற்காலியில உக்கார மாட்டோம்னு வேண்டுதலா?” என்று கன்னையன் ரோஸ்மேரியின் காதில் முணுமுணுத்தான். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வேலை நேரத்தில் அவனுடைய பேச்சில் பாதியை அவள் காதில் வாங்குவதில்லை. மீதிப் பாதியில் சில சமயம் துப்பு கிடைக்கும் என்பதால்தான் அவனைக் கூட வைத்திருக்கிறாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

ரோஸ்மேரியின் குடும்பம் நாசரேத்துப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தது. பதினேழு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள் அவள். பனியனை எடுத்து ஒரு உதறு உதறினால், ஊசி எந்த இடத்தில் தடுமாறியது, டெய்லர் எந்த இடத்தில் கொட்டாவி விட்டான் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணை மூலதனமாக வைத்து, வீரபாண்டியில் ஒரு பட்டன் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த கன்னையனும் அன்றிலிருந்து அவளோடுதான்.

குமாரசாமி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதில் திருட்டுக்கு ஐந்து நிமிடம். மீதி எல்லாம் ஆல்பத்துக்கு, அதாவது அந்த ஓட்டைப் பலகைகளுக்கு.

அவருக்கு வயது அறுபத்து நாலு. பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பம். அவர் காலத்தில் பனியனுக்கு மாறினார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, முடிவெடுக்கிற வேலையை எல்லாம் மகனிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் அமைதியாக ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை அவர் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார். அன்றிலிருந்து எந்த முடிவும் எடுப்பதில்லை. பொழுதுபோக்காகக் காசு சேர்க்க ஆரம்பித்தார்.

யாரோ டைப் செட் போடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வருஷா வருஷம் வந்த காசையெல்லாம் சேர்க்காமல், ரகத்துக்கு ஒன்று வீதம் எடுத்து ஆல்பத்தில் வைக்க வேண்டும். சதுர ஐந்து பைசாவில் ஒன்று, அறுகோண மூன்று பைசாவில் ஒன்று, நெளிநெளியாய் ஓரம் வெட்டின பத்துப் பைசாவில் ஒன்று. அவ்வளவுதான்.

ஆனால் ரகம் என்றால் என்ன? இந்த இடத்தில்தான் குமாரசாமி மாட்டிக்கொண்டார். மதிப்பு மாறினால்தான் ரகமா? உலோகம் மாறினாலே போதுமா? சிங்கம் அதே சிங்கம், எழுத்து மட்டும் கொஞ்சம் பெருத்துவிட்டால் அது வேறு ரகமா? எந்த ஊரில் அடித்த காசு என்று காட்ட வருஷத்துக்குக் கீழே ஒரு புள்ளியோ நட்சத்திரமோ வைரமோ இருக்கும். அதையும் கணக்கில் எடுப்பதா? சித்திரையில் பன்னிரண்டு ஓட்டை போதும் என்றார். வைகாசியில் நூற்று நாற்பது வேண்டும் என்றார். ஆனியில் ஆல்பமே வேண்டாம், டப்பாவில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அன்று பூராவும் சாப்பிடாமல் இருந்தார்.

கேட்காத ஆளில்லை. பொங்கலூரில் சொந்தக்காரர் வீட்டு இழவுக்குப் போன இடத்தில், துக்கம் விசாரித்த கையோடு, காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசாவைத் தனி ரகமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். இறந்தவரின் தம்பி அழுகையை நிறுத்திவிட்டு, எடுத்துக்கொள்ளலாம் என்றாராம். அந்தப் பதில் இவருக்குத் திருப்தியாக இல்லை; அழுகிற மனுஷன் நிதானமாக யோசித்திருக்க மாட்டார் என்று ஒரு சந்தேகம்.

ஒரு வழியாக ஆவணியில் அறுபத்து மூன்று என்று முடிவானது. எழுதிய பட்டியலைக் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் ராக்கையாவிடம் கொடுத்தார். ராக்கையா அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். இருபத்தாறு வருஷமாக இவர்கள் கம்பெனியில் துணி வெட்டுகிறார். ஒவ்வொரு காசாக அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டு போய், பலகையில் நூல் பிசகாமல் ஓட்டை போட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் குமாரசாமி குளித்து, முருகனைக் கும்பிட்டுவிட்டு, காசுகளை ஒவ்வொன்றாக வைத்தார். கடைசி ஓட்டை காலியாக நின்றது. இருபது பைசா, பித்தளை நிறம், தாமரைப் பூவுக்கு மேலே சூரியன் உதிக்கிற காசு. சூரியன் இல்லாத வெறும் தாமரைக் காசு அறுபத்திரண்டாவது ஓட்டையில் பத்திரமாக இருந்தது. சூரியனைக் காணோம்.

“வியாழக்கிழமை நான் மாத்திரை போடறதுக்கு உள்ளே போனனுங்க அம்மிணி. பத்து நிமிசம் அவன் மட்டுந்தான் மேசைகிட்ட நின்னான்,” என்றார் குமாரசாமி.

ராக்கையா என்ன சொன்னார் என்று ரோஸ்மேரி கேட்டாள். அப்படி ஒரு காசை நான் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சொன்னாராம். எல்லாத் திருடனும் சொல்வதுதானே என்றார் குமாரசாமி. காசைக் கையில் வைத்துப் பார்க்காமல் அவ்வளவு கச்சிதமாக எப்படி ஓட்டை போட முடியும் என்று வேறு கேட்டார். மகன் முருகேஷ் பனியன் வாங்கும் பையரைப் பார்க்க வெளிநாடு போயிருந்ததால் தடுக்க ஆளில்லை. அன்றைக்கே ராக்கையாவை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இன்று மதியம் இரண்டு மணிக்குப் பல்லடத்தில் மதுரை பஸ் ஏறப்போகிறார். போலீசுக்குக் கொடுக்க எழுதிய புகார் குமாரசாமியின் சட்டைப் பையில் நான்காக மடித்து இருந்தது. பஸ் கிளம்புவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் அவசரம்.

“பெரிய ஆதாரம் ஒண்ணு இருக்குதுங்க,” என்று தன் செல்போனை எடுத்து நீட்டினார்.

வியாழக்கிழமை காலையில் எடுத்த படம். ஆல்பம் வருவதற்கு முன்னால் காசுகள் நான்கு மாதமாக மேஜை முழுக்கப் பரத்தியே கிடந்தன. அன்று காலையில் அவர் எழுந்து வந்து பார்த்தபோது யாரோ எல்லாவற்றையும் இடம் மாற்றியிருந்தார்கள். எல்லாக் காசும் சிங்கம் மேலே தெரியும்படி திருப்பி, சதுரத்தோடு சதுரம் ஒட்டி, அறுகோணத்தின் இடுக்கில் வட்டத்தைச் செருகி, மேஜையின் ஒரு பக்கத்துக்குள் நெருக்கி அடுக்கியிருந்தது. துணியில் ஒரு விரற்கடை வீணாகாமல் பனியன் துண்டுகளை நெருக்கி வரைவார்களே, அசல் அதே மாதிரி. கட்டிங் மாஸ்டர் கையைத் தவிர வேறு யாருக்கு இது வரும்? முதல் நாளே வந்து ஒத்திகை பார்த்திருக்கிறான் என்றார் குமாரசாமி.

கன்னையனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. திருடப் போகிற வீட்டில் இவ்வளவு சுத்தமாக அடுக்கிவைத்துவிட்டுப் போகிற திருடனை நம் வீட்டுக்கு ஒருநாள் கூப்பிட வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

ரோஸ்மேரி படத்தைப் பெரிதாக்கி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. பிறகு அறுபத்திரண்டாவது ஓட்டையிலிருந்த வெறும் தாமரைக் காசை எடுத்துக் காலியாக இருந்த ஓட்டையில் வைத்தாள். விரல் பட்டதும் ‘டக்’ என்று உட்கார்ந்தது. இரண்டு காசும் ஒரே அளவா என்று கேட்டாள். ஒரே அளவுதான் என்றார் அவர். காசைப் பழையபடி அதன் இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ஐயா, இது ராக்கையா அண்ணாச்சி கை இல்ல. சிங்கத்தப் பாத்தியளா?”

குமாரசாமி பார்த்தார். கன்னையனும் எட்டிப் பார்த்தான். சிங்கம் சிங்கமாகத்தான் இருந்தது.

ஒரு சிங்கம் நேராக நிற்கிறது, ஒன்று தலைகீழாக நிற்கிறது, ஒன்று மல்லாக்கப் படுத்திருக்கிறது என்று அவள் விரலை வைத்துக் காட்டினாள். பின்னல் துணியை வெட்டுகிறவர்கள் துண்டுகளை எப்போதும் ஒரே திசையைப் பார்த்துத்தான் வைப்பார்கள். இடம் மிச்சமாகிறதே என்று ஒன்றைத் திருப்பி வைத்தால், துவைத்த அன்றே பனியன் முறுக்கிக்கொள்ளும். இருபத்தாறு வருஷம் வெட்டின கைக்குத் தூக்கத்தில்கூடத் தலைகீழாக வைக்க வராது. இது கட்டிங்கைப் பக்கத்திலிருந்து பார்த்த ஆள். கத்தரி பிடித்த ஆள் அல்ல.

குமாரசாமி படத்தின் பக்கம் குனிந்தார். அவரும் பனியன்காரர்தான். நான்கு மாதமாகக் காசையே பார்த்து, துணியை மறந்துபோயிருந்தார்.

“அடுத்தது இந்த மூலை,” என்றாள் ரோஸ்மேரி.

படத்தில் சமையல்கட்டுப் பக்கத்து மூலையில் காசே இல்லை. காசையெல்லாம் அந்தப் பக்கம் ஒதுக்கி, இந்தப் பக்கம் இடம் ஒழித்து வைத்திருந்தது. வெல்வெட்டில் அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சொட்டு, பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை. திருடன் எடுக்கத்தான் வருவான், இடம் ஒழிக்க வர மாட்டான் என்று சொல்லிக்கொண்டே அவள் சமையல்கட்டைப் பார்த்தாள். கன்னையன் பார்த்தான். கடைசியாகக் குமாரசாமியும் பார்த்தார்.

ஞானாம்பாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மறைக்கவில்லை. வியாழக்கிழமை விடிகாலையில் மூட்டு வலி தாங்க முடியவில்லை. ஒரு தட்டு வைக்க இடம் கிடைத்தால் போதும் என்று காசுகளை நெருக்கி அடுக்கினாள். கம்பெனியில் ராக்கையா செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். உட்கார்ந்து நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டாள். நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் வயிறு நிறைந்தது என்றாள்.

“அப்ப காசை எடுத்தது நீதானா?” என்றார் குமாரசாமி.

அந்த ஒரு வார்த்தையில் ஹால் சில்லிட்டுப்போனது. ஞானாம்பாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படவில்லை. அதுதான் கன்னையனுக்குப் பயமாக இருந்தது.

“எடுக்கறதா இருந்தா அறுபத்து மூணையும் அள்ளிக் கெணத்துல போட்டிருப்பனுங்க,” என்றாள். “ஒண்ணே ஒண்ணை எடுத்து நான் என்னங்க பண்றது? முப்பத்தெட்டு வருசத்துக்கு அப்புறம் என்னையும் லிஸ்டுல சேத்துட்டீங்களாக்கும். நான் எந்த ரகம்னு எழுதிக்கங்க.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குமாரசாமி சட்டைப் பையைத் தடவினார். புகாரில் பெயரை மாற்றி எழுத வேண்டுமோ என்று யோசிக்கிறாரோ என்று கன்னையனுக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தான், ரோஸ்மேரி முறைத்ததால் விழுங்கிவிட்டான்.

அவள் சமாதானம் எதுவும் பேசவில்லை. படத்தில் உள்ள காசுகளை அவரையே எண்ணச் சொன்னாள். அவர் எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். அறுபத்திரண்டு. ஞானாம்பாள் அடுக்கிய வியாழக்கிழமை காலையிலேயே அறுபத்திரண்டுதான். ராக்கையா பலகையோடு வந்தது சாயங்காலம். அப்படியானால் அவர் வருவதற்கு முன்னாலேயே அந்தக் காசு இந்த மேஜையில் இல்லை.

“அதுக்கு முந்தி எப்ப எண்ணினீங்க ஐயா?” என்றாள் ரோஸ்மேரி.

குமாரசாமி எண்ணியதே இல்லை. எண்ணுவதற்கு எத்தனை ரகம் என்று முடிவாக வேண்டாமா என்று கேட்டார். அந்தக் காசை எங்கே வாங்கினீர்கள் என்றதற்கு மட்டும் தயங்காமல் பதில் வந்தது. பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரணியின் ஃபேன்சி கடை. வளையல், கிளிப்போடு பழைய காசும் வைத்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை. அந்த நாளைத் தன்னால் மறக்கவே முடியாது என்றார். அன்றைக்குத்தான் சூரியன் உதிக்கிற தாமரை தனி ரகம் என்று முடிவெடுத்தார்.

“செல்லு எங்கிட்டயே இருக்கட்டும்,” என்று ரோஸ்மேரி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். “அண்ணாச்சி, வண்டிய எடுங்க.”

குமாரசாமியும் கூடவே ஏறிக்கொண்டார். போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனில் புகாரைக் கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். யார் பேரில் என்று கன்னையன் கேட்டான். அதைப் போகப் போக முடிவு பண்ணலாம் என்றார். அப்படியென்றால் கவலையில்லை, நாம் கிழவர்களாவதற்குள் ஸ்டேஷன் வராது என்று சொல்லி கன்னையன் தன் பழைய ஆம்னி வேனைக் கிளப்பினான். பல்லடம் நெருங்கும்போது குமாரசாமி, ஞானாம்பாளுக்கு மூட்டு வலி எப்போதிலிருந்து என்று யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டார்.

தரணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கடையில் ஒரு பெண்ணுக்குக் கிளிப் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவள், குமாரசாமியைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அண்ணா, மூணு வாரமா ஆளையே காணோம். ஒடம்புக்கு ஏதாவதுன்னு பயந்தே போயிட்டனுங்க. வாராவாரம் வர்றவரு.”

கல்லாவுக்குக் கீழேயிருந்து சின்னக் காகித உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே பேனாவால் எழுதியிருந்தது: ‘குமாரசாமி அண்ணன் – மறந்தது.’

ரோஸ்மேரி வாங்கவில்லை. வாங்கிப் பிரியுங்கள் என்று குமாரசாமிக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் பிரித்தார். பித்தளை நிறத்தில் ஒரு தாமரை உள்ளங்கையில் விழுந்தது. அதற்கு மேலே சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

நடந்ததைத் தரணி சாதாரணமாகச் சொன்னாள். நான்கு மாதமாகச் சனிக்கிழமைதோறும் வருவாராம். இந்தக் காசைக் கையில் வாங்கி ஒரு மணி நேரம் பார்ப்பாராம். தனி ரகமா இல்லையா என்று கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கேட்பாராம். பூப்பு நீராட்டுக்கு வளையல் வாங்க வந்த கூட்டத்தை நிறுத்தி வைத்துக் கைதூக்கச் சொல்லி ஓட்டு எடுத்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு முந்தி ஒருநாள் எழுந்து நின்று, “முடிவு பண்ணிட்டேன், தனி ரகந்தான்” என்று சத்தமாகச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடையிலிருந்த அத்தனை பேருக்கும் கைகொடுத்தார். அந்தச் சந்தோஷத்திலேயே இறங்கிப் போய்விட்டார்.

“காசும் குடுக்கல, காசும் எடுக்கல,” என்று முடித்தாள் தரணி.

கன்னையன் எத்தனையோ கேஸ் பார்த்திருக்கிறான். திருடு போனதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், திருடினவனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாங்கவே வாங்காத பொருளுக்குத் திருடனைப் பிடித்து வேலையை விட்டு அனுப்பிய வீட்டை இப்போதுதான் பார்க்கிறான். நாக்கு நுனியில் நான்கைந்து வாக்கியம் வந்து நின்றது. குமாரசாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றையும் சொல்லவில்லை.

ரோஸ்மேரிதான் மெதுவாகச் சொன்னாள். ராக்கையா அட்டையில் காசுகளை வரைந்தபோது இந்த ஒன்று மட்டும் இல்லை. இரண்டும் ஒரே அளவு என்று தெரிந்ததால், வெறும் தாமரையையே இரண்டாவது தடவையும் வைத்து வரைந்திருக்கிறார். அப்படி ஒரு காசைப் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னது சத்தியமான வார்த்தை.

குமாரசாமி தலையை ஆட்டினார். வியாழக்கிழமைக்கு முன்னால் ராக்கையா தன்னிடம் வந்து, முதலாளி, கடைசிக் காசைக் கொடுங்கள், வரைந்துகொள்கிறேன் என்று கேட்டது இப்போது ஞாபகம் வருகிறது என்றார். எங்கேயோ மேஜையில் கிடக்கும், அளவு ஒன்றுதான், நீ வெட்டு என்று இவர்தான் சொல்லியிருக்கிறார். மணி என்ன என்று கேட்டார். ஒன்றே முக்கால்.

கன்னையன் வண்டியை எடுக்கப் போனான். அவர் காத்திருக்கவில்லை. உள்ளங்கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைவாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூட மாட்டாமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். ஸ்டென்ட் வைத்த மனுஷன் ஓடுகிறாரே என்று ரோஸ்மேரி பின்னால் ஓடினாள். செருப்பைத் தூக்கிக்கொண்டு கன்னையன் அவளுக்குப் பின்னால் ஓடினான்.

மதுரை பஸ் கிளம்பும் தறுவாயில் உறுமிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு ஜன்னலோரம் ராக்கையா உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, நெஞ்சோடு சேர்த்து அணைத்த தகரப் பெட்டி. பெட்டிக்குமேல் பனியன் துணியில் சுற்றிய பெரிய கத்தரி. முதலாளி படியேறி வருவதைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் எதற்குப் பழி சொல்ல வருகிறாரோ என்று பார்க்கிற பார்வை.

குமாரசாமி பக்கத்துச் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். கையை விரித்துக் காசைக் காட்டினார். ராக்கையா காசைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். குமாரசாமியின் வாய் திறந்து திறந்து மூடியது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது கீழே நின்ற கன்னையனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவர் யோசித்து முடிப்பதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.

பஸ் நகர்ந்தது. கன்னையன் கையில் செருப்போடு நாலடி கூடவே ஓடி, ஜன்னலுக்குள் வீசப் பார்த்தான். ஒன்று உள்ளே போனது. இன்னொன்று டயருக்குப் பக்கத்தில் விழுந்தது. வேனை எடுத்துத் துரத்தலாமா என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் ரோஸ்மேரி. “வீட்டு வாசல்ல வெச்சு அஞ்சு நிமிசத்துல கேக்குற மன்னிப்பு இல்ல இது. கொஞ்சம் தூரம் போகட்டும்.”

முதலில் ஞானாம்பாளுக்குப் போனில் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மனுஷன் மூச்சு வாங்கினாரா என்று மட்டும் கேட்டாள். ராக்கையா கூடத்தானே இருக்கிறான், சரி என்று வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது, ரோஸ்மேரியின் கைப்பைக்குள் குமாரசாமியின் செல்போன் அடித்தது. திரையில் ‘ராக்கையா கட்டிங்’ என்று பெயர் வந்தது. கன்னையனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

வீட்டில் யாராவது எடுப்பார்கள் என்று அடித்தாராம் ராக்கையா; ரோஸ்மேரி தான் யார் என்று சொன்னாள். பொங்கலூர் தாண்டிவிட்டது என்றார் அவர். முதலாளி பர்ஸ் எடுத்து வரவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது, அவரிடம் இருந்தது ஒரு மடித்த காகிதமும் இருபது பைசாவும்தான். கண்டக்டர் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது செல்லாதே பெரியவரே என்றாராம். முதலாளி உடனே, இது தனி ரகம் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. கடைசியில் ராக்கையாதான் தாராபுரம் வரைக்கும் அவருக்கு டிக்கெட் எடுத்தார். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் மனுஷன் உடைந்துபோய்விட்டார். காகிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார். அப்போதிலிருந்து அழுதுகொண்டே வருகிறார். அந்தக் காசைப் பற்றித் தவிர இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“அம்மாட்ட கேட்டு அவர் ராத்திரி போடுற மாத்திரை பேரு மட்டும் சொல்லுங்கம்மா,” என்றார் ராக்கையா. “தாராபுரத்துல வாங்கிக் குடுத்து, நானே கூட்டியாந்து விட்டுர்றேன். ஒத்தக் கால் செருப்போட இவர எங்க தனியா அனுப்ப?”

அப்படியானால் மறுபடி வேலைக்கு வந்துவிடுவீர்களா என்று ரோஸ்மேரி கேட்டாள்.

“அது இனிமேத்தான் யோசிக்கணும்மா,” என்றார் ராக்கையா. “ஒரு நாலு மாசம் ஆகும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பின்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு சிரிப்பும் கேட்டது.